படியில் உட்காருகிறவர்கள்

வேலாயி கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவுக்கு வந்தபோது கையில் ஒரு தகரப்பெட்டியும் இடுப்பில் ஒரு பிள்ளையும் இருந்தன. கலகெதரப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனான். கருமாதி முடிந்த கையோடு அவர்கள் குடியிருந்த தோட்டத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு இருந்த ஒரே போக்கிடம் அண்ணன் பெரியதம்பி வீடுதான்.

பெரியதம்பி கண்டி முனிசிப்பலில் கான் கழுவுகிற ஆள். தெருவோரச் சாக்கடைக் கான்களில் அடைத்துக் கிடக்கும் சேற்றை மம்பட்டியால் வழித்துக் கூடையில் அள்ளி வண்டியில் கொட்ட வேண்டும். மழைக்காலத்தில் முழங்கால் வரை இறங்கித்தான் அள்ள முடியும். வேலை முடிந்து வந்து பைப்படியில் சவுக்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. முனிசிப்பல் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவனுக்கு ஒரு காம்பரா, முன்னால் தகரம் போட்ட ஒரு இஸ்தோப்புத் திண்ணை. அதற்குள் அவன், மனைவி வடிவம்மா, ஐந்து வயது மகள் புஷ்பம். இப்போது தங்கச்சியும் நாலு வயது சுந்தரியும் சேர்ந்துகொண்டதால் பெரியதம்பி சாக்கை விரித்து இஸ்தோப்பில் படுத்தான். சாரல் அடித்தால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு குந்தியிருப்பான். வடிவம்மா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஆடி மாசம் தலதா மாளிகையின் யானை ஊர்வலமான பெரஹரா வந்தால் முனிசிப்பல் கூடுதல் ஆள் எடுக்கும். தெருவெல்லாம் யானை லத்தி, பந்தங்களிலிருந்து கொட்டிய கொப்பறைக் கரி, கடலைக் கோது, வெற்றிலை எச்சில். விடிவதற்குள் அத்தனையும் கூட்டி அள்ளியாக வேண்டும். ஓவசியர் தியாகராஜா வேலாயியின் பெயரை எழுதிக்கொண்டு, வந்திருந்த பொம்பிளைகள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்:

"ஒரு நாள் வராட்டியும் பேர் வெட்டுப்படும். ஒழுங்கா வாறவங்கள்ல ரெண்டு மூணு பேர பெரஹரா முடிஞ்சும் வெச்சுக்கப் பார்ப்பேன். இன்னொன்னு, இடுப்புல புள்ளயோட ஒருத்தியும் வரக்கூடாது. போன வருசம் ஒரு புள்ள ஆனக் காலுக்குள்ள பூந்துருச்சு. எனக்கு வேல போயிருக்கும்."

வேலாயிக்கு வேலை கிடைத்தால் மஹய்யாவில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் கலகெதரவுக்குத் திரும்பிப் போய்க் கொழுந்தன் வீட்டில் நிற்க வேண்டும். கொழுந்தன் குடிகாரன். அதனால் சுந்தரியைப் பிள்ளைக் காம்பராவில் விடுவதைத் தவிர வழியில்லை.

பிள்ளைக் காம்பரா என்பது லயத்தின் கடைசி அறை. டவுனில் உள்ள மாதர் சங்கம் ஒன்று அதை நடத்தியது. டீச்சர் யசோதா யாழ்ப்பாணத்துப் பெண், ரயில்வேயில் வேலை பார்க்கும் தகப்பனோடு கண்டிக்கு வந்தவள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பால்மா கரைத்துக் காய்ச்சி நீலக்கரை எனாமல் கோப்பைகளில் ஊற்றிக் கொடுப்பாள். லயத்துப் பிள்ளைகளோடு, கீழ்த்தெருத் தையல்காரர் பளீலின் மகன் பஹ்மியும் அங்கே வருவான். அவனுக்கு மூன்று வயது. பேச்சு இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

சுந்தரியைக் கொண்டுபோன அன்று அவளுக்கு இரண்டு கண்ணும் சிவந்து பீளை கட்டியிருந்தது.

"அக்கா, பிள்ளைக்குக் கண்நோய். மற்றப் பிள்ளையளுக்கும் தொத்திப்போடும்," என்றாள் யசோதா. "கொஞ்ச நாளைக்கு வாசலடியில இருக்கட்டும். கோப்பையும் வேறயா வைக்கிறன். குறை நினைக்காதேங்கோ."

"அதுல என்னா கொற டீச்சர். நீங்க எடுத்துக்கிட்டதே பெருசு."

யசோதா வெறும் பால்மா டின் ஒன்றை எடுத்து, விளிம்பு கையைக் கிழிக்காமல் கல்லால் தட்டி மடக்கினாள். வாசற்படியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு சுந்தரியை உட்கார வைத்தாள். பால் வந்தபோது டின்னில் ஊற்றினாள். பிள்ளைகள் எல்லாம் தங்கள் கோப்பையை வாயில் வைத்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டு விட்டுக் கண் சுகமாகிவிட்டது. யசோதா அன்றைக்கு, "சுந்தரி, உள்ள வா பிள்ளை," என்று கூப்பிட்டாள். சுந்தரி எழுந்தாள். புஷ்பம் கையை நீட்டி மறித்தாள்.

"டீச்சர், அவ அங்கதான்."

"இல்ல புஷ்பம், இப்ப அவவுக்குச் சுகம்."

"அவ அங்கதான் டீச்சர். அவளுக்கு டின்னு."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "சரி சரி, எங்கையாவது இருங்கோ," என்று சொல்லிவிட்டு யசோதா ஓடினாள். திரும்பி வந்தபோது சுந்தரி சாக்கில் உட்கார்ந்திருந்தாள், டின் அவள் பக்கத்தில் இருந்தது. பிள்ளைக்கு வாசல்தான் பிடித்திருக்கிறது, காற்று வருகிறது என்று யசோதா நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பிள்ளைகள் அதைத் தாங்களே நடத்தினார்கள். சுந்தரி சாக்கைத் தாண்டிக் கால் வைத்தால் நாலு பக்கமிருந்தும் சத்தம் வரும். வீடு கட்டி விளையாடும்போது அவள் வீட்டுக்கு வெளியே. ஒரு நாள் நாயாக இருக்கச் சொன்னார்கள். நாயாக இருந்தாள். யாருடைய பந்தையாவது தொட்டுவிட்டால் அந்தப் பிள்ளை பந்தைப் பாவாடையில் துடைத்துவிட்டுத்தான் விளையாடும். சரியாகப் பேசத் தெரியாத பஹ்மி கூட, பால் நேரம் வந்தால் டின்னைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வருவான். பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்தவன் மாதிரி கையைத் தட்டிக்கொள்வான்.

வீட்டிலும் அது வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் வடிவம்மா ரொட்டி சுட்டு மிளகாய்க் கட்டசம்பல் அரைத்திருந்தாள். பெரியதம்பி பைப்படிக்குக் குளிக்கப் போயிருந்தான். புஷ்பம் தட்டுகளை எடுத்து வைத்தாள். சுந்தரியின் தட்டைக் கொண்டுபோய் வாசல் நிலைக்கு வெளியே வைத்தாள். எங்கிருந்தோ ஒரு கட்டிப்பால் டின்னையும் தேடிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"என்னாடி இது கூத்து?" என்றாள் வடிவம்மா.

"அவ அங்கிட்டுதாம்மா. டீச்சர் சொன்னாங்க."

"டீச்சர் சொன்னாங்களாம்ல!" வடிவம்மா சிரித்தாள். "பாத்தியா வேலாயி, ஒம் மகளுக்கு ஒரு மகாராணி வந்துட்டா அதிகாரம் பண்ண."

வேலாயி சிரிக்கவில்லை. "புஷ்பம், பாப்பா ஒந் தங்கச்சிதானடா? உள்ள வந்து தின்னட்டும்."

"வரக்கூடாது அத்தே. வந்தா எல்லாருக்கும் ஆகாது."

"என்னா ஆகாது?"

புஷ்பம் யோசித்துப் பார்த்தாள். "ஆகாது," என்றாள்.

"சின்னப் புள்ளைங்க வெளையாட்டு, விடு," என்றாள் வடிவம்மா. "காம்பராக்குள்ள அஞ்சு பேரு குந்தித் திங்கவும் எடமில்ல."

கடைசியில் சொன்னது தனக்குத்தான் என்று வேலாயிக்குப் பட்டது. தன் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையோடு நிலைக்கு வெளியே உட்கார்ந்து தின்றாள். புஷ்பம் அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். யாரும் ஏசவில்லை. அத்தையும் அங்கேதான் போல என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து சுந்தரி பிள்ளைக் காம்பராவுக்குப் போகமாட்டேன் என்று நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். வேலாயி விடிவதற்கு முன்பே வேலைக்குப் போயிருந்தாள். வடிவம்மா பிள்ளையின் கையைப் பிய்த்து எடுத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். யசோதா பின்பக்கம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சுந்தரி படியை விட்டு இறங்கி நடந்துவிட்டாள். லயத்துப் பாதை, பிறகு பெரிய ரோடு, பிறகு டவுன். எப்படிப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸுக்கும் மாட்டுவண்டிக்கும் நடுவில் ஒரு நாலு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு போவதை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

வேலாயி கூட்டிய லத்தியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே குளிப்பாட்டக் கொண்டுபோகிற யானைகள் வரிசையாக வந்தன. யானைகளின் அந்தப் பக்கமிருந்து "அம்மோவ்" என்று சத்தம் கேட்டது. பாகன் ஒருவன் சிங்களத்தில் கத்தி, யானையை நிறுத்தி, பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கி இந்தப் பக்கம் போட்டான். வேலாயி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஓவசியர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"ஐயா, விட்டுட்டுத்தான் வந்தேன் ஐயா. எப்பிடி வந்துச்சுன்னே தெரியல."

"எனக்கும் தெரிய வேணாம். இன்னைக்கிப் பாக்காத மாதிரி போறேன். நாளைக்கு இந்தப் புள்ளய ரோட்டுல கண்டேன்னா, நீ வீட்டுலயே இருந்துக்க. விளங்குதா?"

வேலை விட்டதும் வேலாயி விளக்குமாறைக்கூட வைக்காமல் நேரே பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். சுந்தரியை முன்னால் நிறுத்தினாள்.

"டீச்சர், நாங்க அள்ளுற சாதி, கூட்டுற சாதிதான். அது எங்களுக்கே தெரியும். இந்தப் பச்சப் புள்ளய வாசல்ல ஒக்கார வெச்சு டின்னுல ஊத்தித்தான் காட்டணுமா?"

யசோதாவின் முகம் வெளுத்தது. "ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லாதேங்கோ. கண்நோய்க்கெண்டுதானே செய்தனான்."

"கண்ணு சொகமாயிருச்சே. இன்னும் ஏன் டின்னு?"

"பிள்ளை தானாத்தான் போய் இருக்கிறா. நான் அவவுக்கு விருப்பமாக்கும் எண்டு..."

"யாருக்கு டீச்சர் வாசல்ல குந்த விருப்பம்?"

யசோதா குனிந்தாள். வாசலில் கிடந்த டின்னை எடுத்துக் கீழே புதருக்குள் வீசினாள். சாக்கை இழுத்து எறிந்தாள். ஒரு நீலக்கரைக் கோப்பையில் பாலை ஊற்றிச் சுந்தரியிடம் நீட்டினாள். "இந்தா ராசாத்தி. இனி இதுதான் உன்ர கோப்பை."

சுந்தரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அது என்னுது இல்ல," என்றாள்.

அதற்குள் பஹ்மி புதருக்குள் இறங்கிவிட்டான். டின்னைத் தேடி எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கிக் கழுவி, வாசலில் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தான்.

"டீச்சர், சுந்தரிட டின்," என்றான்.

வேலாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பெரியதம்பி வந்தபோது அவள் தகரப்பெட்டியைத் திறந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கலகெதரவுக்கு அண்ணே. கொழுந்தன் வீட்டுக்கே போறேன்."

"அவங்கிட்ட ஒதபடவா? ஓவசியர் ஏதாச்சும் சொன்னாரா?"

"ஓவசியர் சரியாத்தான் இருக்காரு. புள்ளய விட எடமில்ல." நடந்ததைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஒம் மகள ஏசாதண்ணே, அது சின்னது," என்றும் சொன்னாள்.

பெரியதம்பிக்குக் கோபம் ஏறியது. புஷ்பம் பைப்படியில் தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "யாருடி ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது? அந்த டீச்சரா? ஒங்கம்மாவா?"

"என்னைய ஏன் இழுக்குறீங்க?" என்றாள் வடிவம்மா.

"யாரும் சொல்லலப்பா." புஷ்பம் அழத் தொடங்கினாள்.

"அப்ப எப்பிடித் தெரியும்? யாரு வாசல்ல ஒக்காரணும், யாரு டின்னுல குடிக்கணும்னு ஒனக்கு யாரு சொன்னது?" கை ஓங்கியிருந்தது.

"நீங்க ஒக்காருவீங்கல்ல?"

"என்னா?"

"கடையில. நீங்க படியிலதான ஒக்காருவீங்க? டின்னுலதான குடிப்பீங்க? மயில்வாகனம் மாமாவும். நா அம்மா கூடப் பாணு வாங்கப் போறப்ப பாத்தேன். உள்ள ஒக்கார்றவங்களுக்குக் கிளாசு. படியில ஒக்கார்றவங்களுக்கு டின்னு."

அவள் பெரியதம்பிக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். ஒன்றும் விட்டுப்போகாமல் சொல்லிவிட்டால் அடிக்கமாட்டார் என்ற நம்பிக்கை அவளுக்கு.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு தொங்கியது.

"அடிங்களேன். ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் வடிவம்மா. "அந்தப் படியில குந்திக் குடிக்கிறதுக்கு நம்ம வீட்டுல ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கன்னு எத்தன தடவ சொன்னேன். வேலை நடுவுல தொண்ட காயுதும்பீங்க. இப்பப் பாருங்க."

பெரியதம்பி இஸ்தோப்புக் கட்டையில் உட்கார்ந்தான். கறுப்பு போகாத தன் நகங்களைப் பார்த்தான். பிறகு, "வேலாயி, பொட்டிய மூடு. நாளைக்கு வேலைக்குப் போ," என்றான். "புள்ளைங்கள நா பாத்துக்கறேன்."

சேதுராமன் முதலாளியின் சாப்பாட்டுக் கடை லயத்துக்குக் கீழே பெரிய ரோட்டில் இருந்தது. உள்ளே இரண்டு வரிசை பெஞ்சு, கண்ணாடி அலுமாரியில் பாண் ரொட்டியும் வடையும் பணிசு பன்னும், கொதிக்கிற செம்புப் பாத்திரம். வெளியே மூன்று படி. கதவு நிலையில் ஆணி அடித்து டின்கள் தொங்கும். முனிசிப்பல் ஆட்கள் டின்னை எடுத்து நீட்டினால் மேலேயிருந்து டீ ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவித் திரும்ப மாட்ட வேண்டும். இதை யாரும் எழுதிப் போடவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

பெரியதம்பி காலையில் குளித்து, கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டு, இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். பனிமூட்டம் கலையவில்லை. பெரஹராவுக்கு வந்த வெளியூர்ச் சனம் கடையில் நிறைந்திருந்தது. கூடக் கான் கழுவுகிற மயில்வாகனம் படியில் டின்னோடு இருந்தான்.

"என்னாப்பா, பொண்ணு பாக்கப் போறியா? சட்டயெல்லாம் பளபளங்குது."

பெரியதம்பி அவனைத் தாண்டி உள்ளே போனான். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். சுந்தரியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தான். புஷ்பத்தை வைத்தபோது அவள் சறுக்கி இறங்கி வாசலுக்கு ஓடினாள்.

"மூணு டீ முதலாளி. கிளாஸ்ல."

சேதுராமன் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "ஒன் டின்னு அங்கதான தொங்குது?"

"தொங்கட்டும்."

"தொங்கட்டும்னா?"

"தொங்கட்டும்னா தொங்கட்டும். எனக்குக் கிளாஸ்ல குடுங்க."

சேதுராமன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "வெளியூரு சனம் இருக்கற நேரம் பாத்து வந்திருக்க. யாருய்யா ஏத்தி விட்டது? யூனியன்காரனா?"

"யூனியனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் புள்ள."

"புள்ளயா?"

"அப்பா!" வாசலிலிருந்து புஷ்பம் சத்தமாகக் கூப்பிட்டாள். கடை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. "அப்பா, அங்க ஒக்காராதீங்க. அது நம்ம எடம் இல்ல. முதலாளி ஏசுவாரு. நம்மளுது வெளிய இருக்குப்பா, வாங்க."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். படியிலிருந்து மயில்வாகனம், "ஒம் மகளுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலயேய்யா," என்றான்.

பெரியதம்பிக்குக் காது சூடேறியது. எழுந்து போய்விடலாம் போல இருந்தது. பக்கத்தில் சுந்தரி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். அவனால் எழ முடியவில்லை.

"கேட்டுக்கிட்டீங்களா முதலாளி? யாரும் சொல்லிக் குடுக்கல. என்னையப் பாத்தே படிச்சிருச்சு. இப்ப எந் தங்கச்சி புள்ளய வாசல்ல ஒக்கார வெச்சிருக்கு. நா இதை அடிச்சு மாத்த முடியுமா சொல்லுங்க. நீங்க ஊத்துனாத்தான் மாறும்."

சேதுராமன் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சிங்களக் கிழவர் "மொகத?", என்ன விஷயம், என்று சிங்களத்தில் கேட்டார். சேதுராமன் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அவருக்கு வியாபார நேரம். மூன்று கிளாசில் டீயை ஆற்றி ஊற்றினார். கொண்டுவந்து கொடுக்கவில்லை, மேசையின் கோடியில் வைத்தார்.

"குடிச்சிட்டுக் கழுவி வெச்சிட்டுப் போ."

"மத்தவங்க கழுவுறாங்களா?"

சேதுராமன் அடுத்த ஆளிடம் போனார்.

பெரியதம்பி எழுந்து போய் கிளாசுகளை எடுத்து வந்தான். ஒன்றைச் சுந்தரியின் முன்னால் வைத்தான். அவள் கிளாசைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் டீ தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள். புஷ்பம் வாசலிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முதலாளி முகம், சிரித்தவர்களின் முகம், கிழவரின் முகம். யாரும் சுந்தரியை எழுப்பவில்லை. கிழவர் தன் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் உள்ளே வந்து பெஞ்சில் ஏறினாள்.

"என்னுது எதுப்பா?"

"இந்தா."

பாதி குடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப டின்னு யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"யாருக்குமேவா? பஹ்மிக்கு?"

"யாருக்குமே இல்ல."

"படி?"

பெரியதம்பி வாசல் பக்கம் பார்த்தான். "படி நடக்கறதுக்கு," என்றான்.

காசை வைத்துவிட்டு, கிளாசுகளைக் கழுவாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். முதுகுக்குப் பின்னால் சேதுராமன் ஏதோ ஏசுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு மேல் அவனுக்குத் தைரியம் இல்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வீட்டிலேயே குடித்துவிட்டு, கடைக்கு எதிர்ப்பக்கமாக நடந்து வேலைக்குப் போனான். லயத்து ஆண்களில் பாதிப் பேர் அவனுக்குத் திமிர் என்றார்கள். மீதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் படியில் குடித்தார்கள்.

பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. கடையில் டீ குடித்த அன்று காலையே, பிள்ளைக் காம்பராவுக்குள் நுழைந்ததும் புஷ்பம் அறிவித்தாள்: டின் யாருக்கும் இல்லை. படி நடக்கறதுக்கு. வாசலில் யாரும் உட்காரக்கூடாது. பஹ்மி வழக்கம்போல டின்னைத் தூக்கினான். புஷ்பம் அதைப் பிடுங்கினாள். அவன் விடவில்லை, கையில் கிள்ளு வாங்கினான், கத்தினான். யசோதா ஓடி வந்தாள்.

"என்ன பிள்ளை இது? ஏன் கிள்ளினனீ?"

"கடையிலயே மாத்திட்டாங்க டீச்சர். இவனுக்குத் தெரியல."

பால் நேரத்தில் சுந்தரி உள்ளே வந்து நடுவில் உட்கார்ந்து நீலக்கரைக் கோப்பைக்குக் கை நீட்டினாள். முந்தின நாள் யசோதா நீட்டியும் வாங்காத கோப்பை அது. பால் குடித்து முடித்ததும் சுந்தரி செய்த முதல் வேலை, சாக்கு கிடந்த இடத்தில் குந்தியிருந்த பஹ்மியைப் பிடித்து உள்ளே தள்ளியது. அவன் விழுந்து மூக்கில் அடிபட்டு இன்னொரு தடவை கத்தினான்.

பெரஹராவின் கடைசி நாள் பகலில் வேலாயி வேலை முடித்து வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாண் வாங்க ரோட்டுக்கு இறங்கினாள். உடம்பெல்லாம் புழுதியும் லத்தி நாற்றமும். வெயில் உச்சியில். எந்தப் பெயர்கள் தங்கும், எவை வெட்டுப்படும் என்று ஓவசியர் இன்னும் சொல்லவில்லை.

"ஏய் வேலாயி!"

சேதுராமன் கடைக்குள்ளிருந்து ஓவசியர் தியாகராஜா கூப்பிட்டார். பெஞ்சில் இருந்தார், தொப்பி மேசையில், முன்னால் டீ. "இங்க வா. ஒரு விசயம் சொல்லணும்."

வேலாயி கடை வாசலுக்குப் போனாள். மயில்வாகனம் படியில் இருந்தான். பெரியதம்பியின் தங்கச்சிக்கு என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். பெரியவர்கள் உள்ளே இருந்து பேசும்போது இவர்கள் படியில் குந்திக் கேட்பதுதான் வழக்கம். வேலாயி சேலையைச் சுருட்டிக்கொண்டு குந்தப் போனாள்.

"அம்மா, அங்க ஒக்காரக் கூடாது," என்றாள் சுந்தரி.

"சும்மா இருடி."

"கூடாது அத்தே," என்றாள் புஷ்பம். "உள்ளதான் ஒக்காரணும். நாங்க ஒக்காந்தோம்." மயில்வாகனத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் மாமா. எந்திரிங்க."

"ஏ புள்ள, ஒங்கப்பன் ஒரு நாளு கூத்தடிச்சான். எனக்கு தெனமும் டீ வேணும்," என்றான் மயில்வாகனம். டின்னைக் காலுக்கு நடுவில் மறைத்துக்கொண்டான்.

சுந்தரி அம்மாவின் கையை இழுத்தாள். மெதுவாக இழுக்கவில்லை. முழு உடம்பையும் சாய்த்து இழுத்தாள். இழுத்தபடியே கத்தினாள்: "உள்ள வா! உள்ள வா!"

வேலாயி ஓவசியரைப் பார்த்தாள். வேலை அந்த ஆளின் வாயில் இருந்தது. அவர் இருக்கிற பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. போய் உட்கார்ந்தால் எழுந்து போ என்பாரா, பெயரையே வெட்டிவிடுவாரா தெரியாது. உட்காராமல் படியில் குந்தினால் பிள்ளை நாளைக்கு எங்கே உட்காரும் என்பது தெரியும்.

உள்ளே போனாள். எதிர்ப் பெஞ்சின் ஓரத்தில், பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி காலிலும் நிற்கிற மாதிரி உட்கார்ந்தாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டார்கள். செம்புப் பாத்திரத்துக்குப் பின்னால் சேதுராமன் இடுப்பில் கையை வைத்தபடி நின்றார்.

ஓவசியர் அவளைப் பார்த்தார். அவள் புழுதிக் காலைப் பார்த்தார். தன் டீயைப் பார்த்து ஒரு வாய் குடித்தார்.

"நாளைக்கும் வா," என்றார். "அஞ்சு மணிக்கு, மார்க்கெட் பக்கம். அங்க கான் ஒண்ணு அடைச்சிருக்கு."

"சரிங்க ஐயா."

"நாளைக்கு மட்டும் இல்ல. அப்புறமும்தான்." தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார், படியில் இறங்கும்போது மயில்வாகனத்தைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்.

வேலாயிக்கு எழுந்துவிடலாமா என்று இருந்தது. வந்த காரியம் முடிந்துவிட்டது. தொண்டை காய்ந்திருந்தது. சுந்தரி மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்து, சேதுராமனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு டீ," என்றாள் வேலாயி. அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கிளாஸ்ல," என்றாள் புஷ்பம்.

சேதுராமன் நின்ற இடத்திலேயே நின்றார். மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.